சுகந்தி பேரில் ஒரு நம்பர்

ஜூன் 3, திங்கள்

இன்று காலை என் போன் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரை விட்டது. மொத்தக் குடியிருப்பும் பல் தேய்க்கிற தண்ணீர் அது. பிளம்பர் வந்து குளித்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்து, குளித்து, இறங்கி, எடுத்துக் கொடுத்தார். கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் என் கடையில் மூக்குக் கண்ணாடி வாங்கியவர்கள். அதனால் எல்லோருக்கும் எல்லாமும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

தொட்டிப் பக்கம் எனக்கு என்ன வேலை என்றால், என் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஜன்னல் ஓரம் வைத்தால் மணி மட்டும் அடிக்கும், பேச்சு வராது. எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, தொட்டி விளிம்பில் சாய்ந்து நின்றால்தான் குரல் கேட்கும். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷமாக இப்படித்தான். உடம்புக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் ஓடிப்போய் எடுத்தேன். ஓர் ஆண்குரல், "சுகந்தி மேடங்களா?" என்றது.

"ஆமா, சொல்லுங்க" என்றேன்.

எதிர்முனையில் பேச்சே இல்லை. சிக்னல்தான் போய்விட்டதோ என்று தொட்டிப் பக்கம் இன்னும் சாய்ந்து, "சுகந்திதான் பேசறேன், சொல்லுங்க சொல்லுங்க" என்று கத்தினேன். மூடி திறந்திருந்தது. கை வழுக்கியது.

இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைக்கக்கூடாது. என் பெயர் நல்லசிவம். ஆண். வயது நாற்பத்தாறு. ஈரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுகந்தி என் முன்னாள் மனைவி. கல்யாணமான புதிதில் என்னிடம் ஈரோட்டு முகவரிக்கு ஆதாரம் இல்லை, அவளிடம் இருந்தது. அதனால் என் சிம் அவள் பெயரில் வாங்கப்பட்டது. கூப்பிடுவது யார் என்று காட்டுகிற அந்த ஆப் இருக்கிறதே, அதில் என் நம்பருக்கு அவள் பெயர்தான் வரும். கூரியர்காரர், கேஸ்காரர், கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண் எல்லோருக்கும் நான் சுகந்தி. முன்பெல்லாம் "இல்லீங்க, அது என் மனைவி" என்பேன். நாலு வருஷத்துக்கு முன் விவாகரத்தான பிறகு விளக்கம் நீண்டுவிட்டது. "ஆமா" என்பது சுருக்கம், அவ்வளவுதான்.

பார்க்கப் போன் இல்லாததால், லென்ஸ் கம்பெனி கொடுத்த டைரியை எடுத்து எழுதுகிறேன். ஜனவரி முதல் மே வரை வெற்றுத் தாள்கள். வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் என்று எழுதலாம். ஆனால் டைரி எழுதும் முதல் நாளே தத்துவம் வேண்டாம்.

ஜூன் 4, செவ்வாய்

கடையில் பில் போடுவதும் லென்ஸ் பொருத்துவதும் தெய்வானை அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் உள்ளே நுழைந்ததும், "ஏனுங் சார், தொட்டில மீன் புடிச்சீங்களாமா?" என்றார். செய்தி எனக்கு முன்பே பஸ் ஏறி வந்திருக்கிறது.

சிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா தன் வீட்டில் கிடந்த பட்டன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சிம்மைப் போட்டாகிவிட்டது. இனி நிதானமாக நல்ல போனாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஜூன் 5, புதன்

மேட்டூர் ரோட்டில் ஒரு பெரிய போன் கடைக்குப் போனேன். அஸ்லம் என்ற விற்பனைப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும், ஆளைப் பார்த்ததும் சிரிக்கிறான்.

"சார், இதுல ஏஐ இருக்குங்க சார்."

"அது என்ன பண்ணும்?"

"எல்லாம் பண்ணும் சார்."

"எனக்கு எல்லாம் வேண்டாமே."

"அப்ப இது பாருங்க. இதுல அது இல்லீங்க சார்."

"இல்லாம எப்படி?"

ஒரு மணி நேரம் போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பகல் முழுக்க எதிரில் இருப்பவரைப் பார்த்து, "இது தெளிவா, அது தெளிவா? முதல்ல காட்டினதா, இப்ப காட்டறதா?" என்று கேட்டு, அவர் தடுமாறினால் உள்ளுக்குள் எரிச்சல்படுகிற ஆள் நான்.

ஜூன் 8, சனி

போன் கடைக்கு மறுபடியும் போனேன். அஸ்லம் சிரித்தான். கொஞ்சம் குறைவாக.

ஜூன் 10, திங்கள்

மூன்று இரவுகள் என் கடையிலேயே உட்கார்ந்து, அக்காவின் மகனுடைய டேப்லெட்டில் போன் வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்தேன். ஒவ்வொருவனும் "மக்களே!" என்று கூவிவிட்டு ஒரு போனை வானளாவப் புகழ்கிறான். அடுத்த வீடியோவில் இன்னொருவன் அதே போனைத் தொட்டால் பாவம் என்கிறான். நான் இருவரையும் நம்புகிறேன். அதுதான் என் கோளாறு.

சாயங்காலம் போன் கடைக்குப் போனபோது அஸ்லம் வேறு வழியில் வந்தான். "சார், போனை விடுங்க. வீட்டுக்குள்ள சிக்னலே இல்லைங்கறீங்க. லட்ச ரூபா போன் வாங்குனாலும் மொட்டைமாடிதான். முதல்ல கம்பெனியை மாத்துங்க. நம்பர் அதேதான் இருக்கும். வீட்ல எந்தக் கம்பெனி எடுக்குதுன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க."

ஜூன் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டு, எதிர் வீட்டுப் போன்களை இரவல் வாங்கி, கைக்கு ஒன்றாக ஏந்தி, என் வீட்டுக்குள் மூலை மூலையாக நடந்தேன். நிலத்தடி நீர் பார்ப்பவர் தோற்றார். ஹாலில் சிக்னல் முழுசாக. சமையலறையில் முழுசாக. குளியலறைக்குள் கூட, கதவைச் சாத்திய பிறகும், முழுசாக. இந்த ஊரில் என் கம்பெனியைத் தவிர மற்ற எல்லாக் கம்பெனிகளும் என் குளியலறைக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

இதை அக்காவிடம் அதிசயம்போலச் சொன்னேன். "ரெண்டு வருசமாத் தெரியாமப் போச்சு பாருங்க அக்கா."

அவர் லென்ஸைத் தேய்ப்பதை நிறுத்தாமல், "தெரியாமயா இருந்துச்சுங் சார்?" என்றார்.

அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

ஜூன் 12, புதன்

கம்பெனி மாற்ற முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தேன் என்று எழுதவே பெருமையாக இருக்கிறது.

அஸ்லம் என் ஆதாரை வாங்கித் தட்டிப் பார்த்து, "சார், இந்த சிம்மு உங்க பேர்ல இல்லீங்களே. சுகந்தின்னு வருது. அவங்க நேர்ல வரணுங்க, போட்டோ எடுக்கணும். மேடத்தை ஒரு நாள் கூட்டிட்டு வந்துருங்களேன்" என்றான்.

வீட்டுக்காரியைக் கூட்டிவரச் சொல்வதுபோல அத்தனை சுலபமாகச் சொன்னான். சரி என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவளுடையது. வேறொன்றும் இல்லை, முன்பு அடிக்கடி போட்டதால்.

பட்டன் போனோடு மொட்டைமாடி ஏறினேன். தொட்டிக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. அவளை "நீ" என்பதா, "நீங்க" என்பதா? பன்னிரண்டு வருஷம் "நீ". கோர்ட்டில் நீதிபதி முன்னால் "அவங்க". இப்போது?

"சொல்லுங்க" என்றாள். அதே குரல்.

"நல்லா... இருக்கறதா?"

"என்ன?"

"இல்ல, உடம்பு எல்லாம் நல்லா இருக்கான்னு. ஒரு விஷயம். சிம்மை மாத்தணும். பேரு... அந்தப் பேர்ல இருக்கறதால நேர்ல வரணுங்கறாங்க. வர முடியுமான்னு கேக்கலாம்னு."

ஒரு "நீ"யும் ஒரு "நீங்க"வும் படாமல் முழுப் பேச்சையும் முடித்தேன். தமிழில் இதற்குப் பரிசு எதுவும் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள். "நானே உங்களைக் கூப்பிடணும்னுதான் இருந்தேன். நேர்ல ஒண்ணு பேசணும்."

நேரில் ஒன்று.

ஜூன் 15, சனி

முடி வெட்டிக்கொண்டேன். எப்படியும் வெட்ட வேண்டியதுதான். ஒரு சட்டையும் வாங்கினேன். போன் வாங்கப் போகிற ஆளுக்குப் புதுச் சட்டை தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். நீலமா, சாம்பலா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் இரண்டையும் வாங்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

நீளமாக எழுதவேண்டும். கை ஓடவில்லை. இருந்தாலும் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நீலம் போட்டுக்கொண்டு போனேன். போன் கடைக்குப் பக்கத்துப் பேக்கரியில் அவள் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். காட்டன் புடவை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற மாதிரி. பெருந்துறையில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர் அவள். ஞாயிற்றுக்கிழமையும் டீச்சராகத்தான் இருப்பாள். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டால் எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"போன் என்னாச்சுங்க?"

தொட்டிக் கதையைச் சொன்னேன். என்னைக் கொஞ்சம் வீரனாக்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மூணாந்தேதி காலைலயா?"

"ஆமா."

"யாரோ என் பேரைக் கேட்டாங்களா? நாந்தான் சுகந்தின்னு சொன்னீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிறது. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே.

"பாவம் அவரு. பயந்துட்டாரு. 'உங்க நம்பர்ல ஒரு ஆம்பளை எடுத்து நாந்தான் சுகந்தி, சொல்லுங்க சொல்லுங்கன்னு கத்துனாரு, அப்புறம் தொபுக்குன்னு ஒரு சத்தம்'னு சொன்னாரு."

"யாரு?"

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. டம்ளரை மேஜைமேல் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அதைத்தான் நேர்ல சொல்லலாம்னு வந்தேன். ஆவணில கல்யாணம் வெச்சிருக்கு. அவரு பேரு மெய்யப்பன், கோபில விவசாய ஆபீஸ்ல இருக்காரு. சம்சாரம் இறந்து அஞ்சு வருசமாச்சு. அப்பத்தான் பேச்சு ஆரம்பிச்ச நேரம், என் நம்பர்னு யாரோ சொந்தக்காரங்க உங்க நம்பரைக் குடுத்திருக்காங்க. ஆப்புல என் பேரு வரவும் நம்பிட்டாரு."

"நல்லது" என்றேன். "ரொம்ப நல்லது. நல்ல விஷயம்." பிறகு தேங்காய் பன்னைப் பாராட்டினேன். எங்கே வாங்குகிறார்கள், இங்கேயே போடுகிறார்களா என்றெல்லாம் கேட்டேன். நாங்கள் உட்கார்ந்திருந்ததே பேக்கரியில்தான்.

"அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்றாள். "வதனி. எட்டு வயசு. எங்க ஸ்கூல்லதான் படிக்கறா."

நான் தலையாட்டினேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கலாம் என்று அவள் கேட்டபோது, யோசிக்கலாம் என்றேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது எனக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த வருஷமும் யோசிக்கலாம் என்றேன். அவள் கேட்பதை நிறுத்திய வருஷம், அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் கடைக்குள் நுழைந்ததும் அஸ்லம் ஓடிவந்தான். "வாங்க மேடம்! நீங்க வந்ததே போதும். சாரு பத்து நாளா வந்து வந்து பார்த்துட்டு யோசிக்கிறேன்னு போயிடறாருங்க."

"பத்து நாள்தானா?" என்றாள் சுகந்தி.

அஸ்லம் புரியாமல் சிரித்து, "தம்பதிகளுக்கு ஒரு ஆபர் போட்டிருக்கோம் மேடம், ரெண்டு சிம்மு ஒரே பிளான்ல..." என்று ஆரம்பித்தான்.

"நாங்க டைவர்ஸ் ஆனவங்க தம்பி."

அவன் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு, தொழில் தெரிந்தவன், "ஆபர் அப்பவும் உண்டுங்க மேடம்" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

வழிகளை அவன் விளக்கினான். ரத்த சொந்தமாக இல்லாததால் இந்த நம்பரை அப்படியே என் பெயருக்கு மாற்ற முடியாதாம். சுகந்தி பெயரிலேயே கம்பெனியை மட்டும் மாற்றிக்கொண்டு நான் பழையபடி வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இந்த நம்பரை அவள் ரத்து செய்துவிட்டு, என் பெயரில் புது நம்பர் வாங்கலாம்.

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எதுன்னாலும் சம்மதம். பதினாறு வருச நம்பரு. கடைக்கு வர்றவங்க அத்தனை பேர்கிட்டயும் இருக்கும். என் பேர்லயே இருக்கட்டும்னாலும் இருக்கட்டும், அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லுங்க."

என் வாய் "யோசி" வரைக்கும் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. எதிர்பார்ப்பும் இல்லை. பஸ் வரும்வரை நிற்கிறவர் முகம் மாதிரி இருந்தது. அவ்வளவு காலமும் அவள் என் முன்னால் இப்படித்தான் நின்றிருக்கிறாள்.

"புது நம்பர் போடுப்பா" என்றேன். "என் பேர்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள், போட்டோவுக்கு நின்றாள். பட்டன் போனில் கோடுகள் போய், சிக்னல் இல்லை என்று வந்தது. மொட்டைமாடியிலும் இனி அப்படித்தான்.

"போனு எதுங்க சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான் அஸ்லம்.

"அந்தக் கறுப்பு."

"எந்தக் கறுப்பு சார்?"

"உன் கைக்குப் பக்கத்துல இருக்கறது."

சுகந்தி புறப்படும்போது, "நீல சட்டை நல்லா இருக்கு" என்றாள். ஆட்டோவில் ஏறிப் போனாள்.

ஜூன் 17, திங்கள்

வீட்டுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல். யாரும் கூப்பிடவில்லை. யாரிடமும் நம்பர் இல்லையே.

ஜூன் 19, புதன்

தெரிந்தவர்களுக்கெல்லாம் புது நம்பரை அனுப்பினேன். நேற்று ஒரு வாடிக்கையாளர் பழைய நம்பரில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கே வந்து, "நீங்க போய்ட்டீங்கன்னே நெனச்சோம்" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அவருடைய மாற்று லென்ஸ் ஆர்டர் என்னிடம் நிற்கிறது.

சுகந்திக்கு அனுப்புவதா என்ற கேள்வி இருந்தது. அனுப்பவில்லை. இது யோசனை அல்ல, முடிவு. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "கேள்விப்பட்டனுங்" என்றார். ஊரில் எனக்குக் கடைசியாகத் தெரிகிற விஷயங்கள் நிறைய. கொஞ்சம் கழித்து ஒரு தூக்குப் போசியை என் முன்னால் வைத்தார். "அரிசிம்பருப்புச் சோறுங். சாப்பிடுங்க. நாலு நாளா ஒழுங்கா சாப்பிடறதில்லை நீங்க."

சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 26, புதன்

சமையல் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. பழக்கத்தில் படிக்கட்டு வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்து எடுத்தேன்.

"நாந்தாங்க. சுகந்தி. அந்தப் பையன் நம்பரைச் சொல்றப்ப குறிச்சுக்கிட்டேன். கூப்பிட்டது தப்பில்லையே?"

"இல்லை."

"வதனிக்கு போர்டுல எழுதறது தெரியலைங்கறா. எல்லாத்தையும் பக்கத்துப் பொண்ணைப் பார்த்து எழுதறா. அவங்கப்பா கோயமுத்தூர்ல காட்டலாங்கறாரு. நான் உங்ககிட்ட காட்டலாம்னு சொன்னேன். சின்னப் பிள்ளைங்களைப் பயப்படாம உட்கார வெச்சுப் பார்க்கறது உங்களுக்கு வரும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

வந்தார்கள். மெய்யப்பன் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து கை கொடுத்தார். நல்ல மனிதராகத் தெரிகிறார். ஏதாவது குறை தென்படும் என்று பார்த்தேன். காலர் கொஞ்சம் நைந்திருந்தது, அவ்வளவுதான். "அன்னைக்குப் போன்ல..." என்று அவர் ஆரம்பிக்க, "அது நாந்தானுங்க" என்றேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்துச் சிரித்தோம்.

வதனி குள்ளமாக, இரட்டைச் சடையோடு, கடையைத் தானே வாங்க வந்தவள்போலச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "எழுத்தைத் தப்பா சொன்னா ஃபெயிலா?" என்றாள்.

"இங்க யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்க. தப்பா சொன்னாத்தான் எனக்கு வேலை."

கண் நன்றாகவே மங்கியிருந்தது. இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தாள் என்று தெரியவில்லை. சோதனைக் கண்ணாடியை மாட்டி வாசலில் நிறுத்தினேன். எதிர்க் கடைப் பலகையை எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தாள். பிறகு திரும்பி, "சுகந்தி மிஸ், உங்க மூக்குல மச்சம் இருக்கு!" என்று கத்தினாள். சுகந்தி அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஃப்ரேம் தேர்வு ஒரு நிமிஷத்தில் முடிந்தது. நேராகப் போய்ச் சிவப்பைத் தொட்டாள். அப்பா காட்டியதும் வேண்டாம், மிஸ் காட்டியதும் வேண்டாம். தெய்வானை அக்கா அப்போதே லென்ஸைப் பொருத்திக் கொடுத்தார்.

"போட்டோ எடுங்க அங்கிள்" என்றாள். நடுவில் அவள், ஒரு பக்கம் மெய்யப்பன், மறுபக்கம் சுகந்தி. என் புதுப் போனில் எடுத்தேன். வதனி ஓடிவந்து வாங்கிப் பார்த்தாள், புதுக் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு.

"மங்கலா இருக்கு அங்கிள். கையை ஆட்டிட்டீங்க."

போன் புதிது, இன்னும் கைக்குப் பழகவில்லை என்று அவளிடம் விளக்கினேன்.

"சரி, நான் சொல்றப்ப எடுங்க. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

பிடித்துக்கொண்டேன். இரண்டாவது படம் நன்றாக வந்திருக்கிறது. சுகந்திக்கு அனுப்பிவிட்டேன்.